பதினேழாவது கேள்வி

ஜனவரி 7, சனி

பயிற்சி மையத்தில் முதல் முகாம். இருபத்து நான்கு சபை ஊழியர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் கிராமத்து ஆலயங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். பல ஊர் சேர்ந்த சேகரத்துக்கு ஒரே குருவானவர்; அவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது, ஜெபம் நடத்துவது, சாவுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் போய் நிற்பது எல்லாம் இவர்கள்தான். இவர்களுக்கு ஜூலை வரை தலைமைத்துவப் பயிற்சி, மொத்தம் ஆறு வகுப்பு. அதனால் பயன் உண்டா என்று அளந்து சொல்வது என் வேலை. புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமாகிவிட்டது. என்னால் முடியுமா என்று தெரியவில்லை. மையத்தின் இயக்குநர் ரெஜினால்டு ஐயர், அவரும் குருவானவர்தான், என் பழைய மாணவர். "உங்களை விட்டா யாரு சார்?" என்றார். அதற்கு மேல் மறுக்க எனக்கு வரவில்லை.

முறை எளியது. இன்று நாற்பத்தொரு கேள்வி. பயிற்சி முடிந்தபின் அதே நாற்பத்தொரு கேள்வி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பயிற்சியின் பலன். தாளில் பெயர் எழுதக் கூடாது. எழுதினால் உண்மை வராது. ஆனால் இரண்டு தாளும் ஒரே ஆளுடையது என்று தெரிய ஒரு குறி வேண்டும். எண் கொடுத்தால் மறந்துவிடுவார்களே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பின் வரிசையிலிருந்து பாக்கியமுத்து என்பவர் எழுந்தார்.

"சார்வாள், இப்பத்தானே தட்டுல இருந்து ஆளாளுக்கு வாக்குத்தத்தம் எடுத்தோம். அந்த வசனத்தையே குறியா போட்டுருவோமே. பேரு மறந்தாலும் அது மறக்காது."

"வேய், நீரு ஒம்ம பேரையே மறக்கிற ஆளுதான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நல்ல யோசனை. புதுவருடத்தில் வாக்குத்தத்தமாக எடுக்கும் வேதாகம வசனத்தை நம் சனம் வருடம் முழுவதும் மறக்காது. இன்னும் கொஞ்சம் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, புத்தகத்தின் பெயரை விட்டுவிட்டு அதிகார எண்ணையும் வசன எண்ணையும் மட்டும் எழுதச் சொன்னேன்.

கேள்விகள் முதலில் நாற்பதுதான் இருந்தன. பதினாறு கடினமான கேள்விக்குப் பிறகு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்று பதினேழாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: 'உங்கள் ஆலயச் சாவி எங்கே இருக்கும்?'

மாலையில், யார் யாருக்கு என்ன வசனம் வந்தது என்று ஒரு ஜெபப் பட்டியல் வேண்டும் என்றார்கள். "சாரோட எழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்று ரெஜினால்டு பெரிய அட்டையை என் முன் வைத்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, பெயர், ஊர், வசனம் என்று மூன்று பத்தி. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எல்லோரும் பாராட்டினார்கள்.

வீட்டில் சொன்னதும் மனைவி செல்லக்கனி, "எழுத்து நல்லாருக்குன்னு சொன்னா நீங்க வீட்டையே எழுதிக் குடுத்துருவீய" என்றாள்.

ஜனவரி 9, திங்கள்

தாள்களைத் தொகுத்தேன். சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 52. பதினேழாவது கேள்விக்குப் பத்தொன்பது பேர், சாவி பொது இடத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்: ஆணியில், பக்கத்து வீட்டில், பெருக்குகிற அம்மாவிடம், 'மணிக்குப் பின்னால் ஒரு பொந்தில்'. ஐந்து பேர் 'என்னிடம்' என்று எழுதியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியால் எதை அளக்கிறோம் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்துவிடலாமா? கேட்டுவிட்டு எடுப்பது முறையல்ல. இருக்கட்டும்.

ஜூலை 29, சனி

பயிற்சி முடிந்தது. சான்றிதழ் விழாவுக்குப் போகவில்லை, தலைசுற்றல். இனி ஊர் ஊராகப் போய் அதே கேள்விகளை நேரில் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 5, செவ்வாய்

செல்லக்கனிக்குக் கண் புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்து காலை 8, 12, 4, இரவு 8. அட்டவணை எழுதி அலமாரியில் ஒட்டினேன். "கண்ணு எனக்கா, அட்டவணைக்கா?" என்கிறாள். மீதமுள்ள ஊர்களுக்கு அடுத்த வாரம்தான் போக முடியும்.

செப்டம்பர் 14, வியாழன்

நல்லகண்டன்குளம். பதினோராவது ஊர். பஸ் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடை.

பாக்கியமுத்துவுக்கு ஐம்பத்தைந்து வயது. ஆலயத்தை ஒட்டியே ஊழியர் வீடு, இரண்டு அறை. மகள் ஜாய்ஸ் பிளஸ் டூ. நான் போனபோது பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் வகுப்பில் முதல் என்பதை அவர் மூன்று முறை சொன்னார். வாசலுக்கு நேரே சுவரில் இந்த வருட வாக்குத்தத்த அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அவர் மனைவி தாசம்மாள் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

தன் குறியை அவரே சொன்னார், 46–4; அந்தக் குறி போட்ட ஜனவரித் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். முதல் பதினாறு கேள்விக்கும் மணி மணியாகப் பதில். தலைமையின் ஐந்து இலக்கணம், தீர்மானம் எடுக்கும் நான்கு படி, எல்லாம் மனப்பாடம். தொண்ணூறுக்குக் குறையாது. பதினேழைக் கேட்டேன். சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு சாண் நீளச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஜனவரியில ஆணின்னு எழுதியிருந்தீங்க" என்றேன்.

"ஆமா சார்வாள். மணித்தூண்ல ஒரு ஆணி. எங்க அப்பா காலத்துல இருந்து அங்கதான் கெடந்துச்சு. பீடி சுத்துற பொம்பளையள் மத்தியானம் வந்து ரெண்டு நிமிசம் முட்டி போட்டுட்டுப் போவாளுவ. பஸ்ஸுக்கு நிக்கிறவன் வெயிலுக்கு உள்ள ஒக்காருவான். யாரும் யாரையும் கேக்கதில்ல."

"அப்புறம்?"

"நாலாவது வகுப்பு. பொறுப்பும் அதிகாரமும். ஐயரு வந்ததும் கேட்டாவ, 'ஆலயச் சாவி யாருகிட்ட இருக்கு? கையத் தூக்குங்க'ன்னு. அஞ்சு பேரு தூக்குனாவ. 'இவங்க அஞ்சு பேரும் தலைவங்க. மிச்சப் பேரு வாட்ச்மேன்கூட இல்ல'ன்னுட்டாவ. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். மறுநா வந்து ஆணியில இருந்து எடுத்துட்டேன்."

ரெஜினால்டுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு கணம் நினைத்தேன். ஜனவரியில் கேள்வித்தாளின் ஒரு படியை அவரிடம் கொடுத்திருந்தேன்.

அடுப்படியிலிருந்து தாசம்மாளின் குரல் வந்தது. "கிருபை கதையையும் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுதீயல்லா."

அவர் சொன்னார். கிருபையின் புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அவள் ஜெபிக்க வந்தாள். பாக்கியமுத்து ஐந்தாவது வகுப்புக்குப் போயிருந்தார், சாவியோடு. "படியிலயே முட்டி போட்டுருக்கா சார்வாள். கருங்கல்லு. அக்கினி நட்சத்திர வெயிலு. நான் சாயங்காலம் வந்து பாக்கேன், படியில தோலும் ரத்தமும் காஞ்சு கெடக்கு. எம் மொகத்தைப் பாத்து ஒரு வார்த்த கேக்கல அவ. எந்திரிச்சு நின்னு, 'ஐயா வந்தாச்சா'ன்னு கும்பிடுதா. முன்னால என்னைய அண்ணேன்னு கூப்பிடுவா."

"மறுபடி ஆணியில மாட்டிடலாமே?"

"அதத்தான் நானும் சொல்லுதேன், கேக்க மாட்டேங்காவ" என்றார் தாசம்மாள்.

"பயமா இருக்கு சார்வாள். ஐயரு சொல்லாம கொள்ளாம வந்து பாப்பாவ." சாவியை எடுத்து மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார். "நெசத்தச் சொல்லட்டா? பயிற்சியில நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். சனம் எனக்குப் பயப்படணும், நான் ஐயருக்குப் பயப்படணும்."

"இதை எழுதிக்கிடலாமா?"

"பேரு வராதுல்லா?"

"வராது. நான் பொறுப்பு." கையை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பஸ் நாற்பது நிமிடம் தாமதம். நாலு மணி மருந்தைப் பக்கத்து வீட்டுப் பெண் போட்டுவிட்டாளாம்.

செப்டம்பர் 29, வெள்ளி

எல்லா ஊரும் முடிந்தது. சராசரி 52இலிருந்து 81. பயிற்சி பெரும் வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பதினேழு: சாவி பொது இடத்தில் இருப்பது 19இலிருந்து 3 ஆகிவிட்டது. ஊழியரிடம் இருப்பது 5இலிருந்து 21. நாற்பது கேள்வி ஒரு பக்கம் சாய்கிறது, ஒரு கேள்வி மறுபக்கம். அந்த ஒன்றுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது சான்று ஆகாது.

சில தேதிகளைச் சரிபார்க்க மையத்துக்குப் போனேன். ரெஜினால்டின் அறைச் சுவரில் ஜெபப் பட்டியல் ஒரு மூலையில் பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பியூனிடம் பசை வாங்கி ஒட்டிவிட்டு வந்தேன். வெயில் பட்டும் மை மங்கவில்லை.

அக்டோபர் 4, புதன்

அறிக்கை எழுபது பக்கம் வந்திருக்கிறது. முருங்கையில் கம்பளிப்பூச்சி, வேப்பெண்ணெய் தெளித்தேன்.

செல்லக்கனிக்குக் கண் தெளிந்துவிட்டது. அறிக்கை முழுவதையும் படித்தாள். "அந்த ஆளு பயத்தைப் பத்திச் சொன்ன ஒரு வரிய மட்டும் எடுத்துருங்களேன்" என்றாள்.

"பேர் இல்லை. குறி மட்டும்தான் இருக்கு."

"குறிதான் எதுக்கு?"

"மேற்கோளுக்கு மூலம் காட்டணும். இல்லாட்டா நானே கற்பனை பண்ணதுன்னு ஆயிரும்."

"ஆனா ஆவட்டும். அந்த வரி இல்லாட்டா என்ன கொறஞ்சுரும்?"

ஆதாரத்தை மறைப்பது முறையல்ல என்று சொன்னேன். அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். உண்மையில், எழுபது பக்கத்தில் படிக்கத் தக்க வரி அது ஒன்றுதான். அதற்காகத்தான் வைத்தேன் என்று சொல்ல முடியாது. 42ஆம் பக்கம், அடைப்புக்குள் 46–4.

அக்டோபர் 9, திங்கள்

அறிக்கையைக் கொடுத்தேன். ரெஜினால்டு எழுந்து நின்று வாங்கினார். "பாதகமா ஏதாவது இருந்தா..." என்று இழுத்தேன்.

"சார், பாதகம்தான் எனக்கு வேணும். எங்க தப்புன்னு தெரிஞ்சாத்தானே திருந்த முடியும்?"

"சொன்னவங்க பேரை..."

"பேரை நான் கேக்கவே மாட்டேன் சார். இது என் வாக்கு."

நிம்மதியாக இருந்தது. என் மாணவர்களில் ஒருவராவது இப்படி. வரும் வழியில் அரைக் கிலோ மிக்சர் வாங்கினேன். செல்லக்கனி காரணம் கேட்டாள். சும்மா என்றேன்.

நவம்பர் 10, வெள்ளி

அச்சான புத்தகம் தபாலில் வந்தது. வழவழப்பான அட்டை. 'தலைமைத்துவப் பயிற்சி: ஓர் அறிவியல் மதிப்பீடு. பேராசிரியர் கோயில்பிள்ளை.' எழுபது பக்கம் இருபத்து நான்காகியிருக்கிறது. பாக்கியமுத்து சொன்ன வரி இல்லை. போகட்டும், அது ஒருவகையில் நல்லது.

பதினேழாவது கேள்விக்குத் தனிப் பக்கம், வண்ணப் படத்தோடு. தலைப்பு: 'பொறுப்புணர்வில் வியத்தகு வளர்ச்சி'. கீழே: 'ஆலயச் சாவியைத் தாமே பொறுப்புடன் பாதுகாக்கும் ஊழியர்கள் 5இலிருந்து 21ஆக உயர்ந்துள்ளனர்.'

எண்களை மூன்று முறை சரிபார்த்தேன். ஒன்றில்கூடப் பிழை இல்லை. எதை மறுத்து எழுதுவது என்று தெரியவில்லை.

செல்லக்கனி படித்துவிட்டு, "உங்க கணக்கு சரியாத்தான் இருக்கு. கழுத்தை மட்டும் திருப்பி வச்சிருக்காவ" என்றாள்.

நவம்பர் 18, சனி

காலையில் பாக்கியமுத்து வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றார். கையில் ரெஜினால்டு கையெழுத்திட்ட இடமாற்ற உத்தரவு. 'ஊழிய விரிவாக்கம் கருதி' எண்பது கிலோமீட்டர் தள்ளி, தேரிக்காட்டுச் செம்மணல் பக்கம் ஒரு சபை. வீட்டை டிசம்பர் பன்னிரண்டில் ஒப்படைக்க வேண்டும்.

"ஜாய்ஸுக்கு மார்ச்ல பரீட்சை" என்றேன், அவருக்குத் தெரியாததுபோல்.

"ஆமா சார்வாள்." துண்டை மடித்தார், பிரித்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க சொன்னீயளா?"

"இல்லை."

"சத்தியமா?"

"பேரை யார்கிட்டயும் சொல்லலை."

"அப்ப எப்படித் தெரிஞ்சுது? போன வாரம் ஐயரு கூப்பிட்டாவ. கதவைச் சாத்திட்டு, 'சனம் உமக்குப் பயப்படணும், நீரு எனக்குப் பயப்படணும். அப்படித்தானேவே?'ன்னாவ. எம் வார்த்த. ஒரு எழுத்து பெசகல." குரல் உயரவில்லை. "நான் அத எம் பொண்டாட்டிக்கும் உங்களுக்கும் தவிர யாருக்கும் சொல்லல. அவ சொல்லிருப்பாளோன்னு நேத்து அவளப் போட்டு ஏசிட்டேன். இருவத்தெட்டு வருசத்துல ஏசுனதில்ல."

செல்லக்கனி காப்பி கொண்டுவந்தாள். "வேண்டாம்மா" என்றார். படி இறங்கும்போது, "ஐயருகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன். மார்ச் வரைக்கும் போதும். அதுக்கப்புறம் எங்க வேணாலும் போறேன்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். பிறகு அறிக்கையின் என் பிரதியை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எங்கும் பெயர் இல்லை. ஊர் இல்லை. வயதுகூட இல்லை. முறையில் தவறில்லை.

நவம்பர் 20, திங்கள்

ரெஜினால்டின் அறை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"பாக்கியமுத்து விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"உங்ககிட்ட வந்தாரா? பாவம். உக்காருங்க சார். டீ?"

"பேரைக் கேக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"கேக்கவே இல்லையே சார்." நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். அவருக்குப் பின்னால் ஜெபப் பட்டியல். என் எழுத்து, என் கோடு. பதினோராவது வரி: பாக்கியமுத்து, நல்லகண்டன்குளம், வசனம். அதிகாரம் 46, வசனம் 4. இருபத்து நான்கு பேரில் அந்த எண் ஒருவருக்குத்தான்.

"தெனமும் காலையில இதைப் பார்த்துத்தான் ஒவ்வொருத்தருக்கா ஜெபிக்கிறேன். உங்க அறிக்கையைப் படிச்ச அன்னைக்கு இவருக்காகக் கொஞ்சம் அதிகமா ஜெபிச்சேன்."

டீ வந்தது.

"அவர் மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. மார்ச் வரைக்கும்..."

"இது தண்டனை இல்லை சார். வளர்ச்சி. புது இடம், புது ஜனங்க." புன்னகைத்தார். அந்தப் புன்னகையை அவருடைய பத்தொன்பது வயதிலிருந்து எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் இருந்து சரியான விடை சொல்லும்போது வரும். "நீங்கதானே எங்களுக்குச் சொல்லித் தந்தீங்க, ஒரு தனி ஆளை வச்சு முடிவு எடுக்கக் கூடாதுன்னு. மொத்தத்தைப் பாருங்க. 52இலிருந்து 81."

அதற்கு ஒரு பதில் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது முழுமையாக, மூன்று பகுதியாக அது எனக்குக் கிடைத்தது. அங்கே சொன்னது "சரி" என்பது மட்டும்தான். டீயையும் குடித்து முடித்திருந்தேன்.

அட்டையின் மூலையில் நான் தடவிய பசை காய்ந்து மஞ்சளாகியிருந்தது.

நவம்பர் 21, செவ்வாய்

எழுதவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

செல்லக்கனியிடம் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். நான் எழுதியது என்பதை அவளே சொன்னாள். "ஜனவரியில வந்து சொன்னீயளே. அச்சு மாதிரின்னு."

அறிக்கையில் குறியைப் போடும்போது அது ஞாபகம் இல்லாமல் போனது வயதால் என்று நினைக்கிறேன். செப்டம்பர் 29 குறிப்பைப் படித்துப் பார்த்தேன். நாட்குறிப்பு எழுதாமல் இருந்திருக்கலாம்.

டிசம்பர் 2, சனி

பேராயருக்குக் கடிதம். நான்கு முறை எழுதினேன். தபால்தலை இல்லை.

டிசம்பர் 4, திங்கள்

தபால்தலை வாங்கினேன். இரண்டாம் பத்தியில் 'நம்பிக்கை மீறல்' என்ற சொல் கடுமையாக இருக்கிறது. 'தவறான புரிதல்' என்று மாற்றினேன். அது பொய். மறுபடி மாற்ற வேண்டும். காஸ் சிலிண்டர் வந்தது.

டிசம்பர் 9, சனி

எனக்குப் பாராட்டு. செயற்குழுக் கூட்டத்தில், எண்பது பேருக்கு முன்னால். போக வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், எழுந்து சொல்லிவிடலாம் என்று ஒரு பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். செல்லக்கனி என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, "வாசிச்சிருவீயளா?" என்றாள். வாசிப்பேன் என்றேன்.

ரெஜினால்டு பொன்னாடை போர்த்தினார். அது தோளிலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாளைப் பிரிக்க முடியவில்லை. தாள் இல்லாமலே பேசினேன்.

"இந்த ஆய்வில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. அது என்னுடையது. என்னை நம்பி ஒருவர் பேசினார். அவருக்கு நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் தகுதி என் முறைக்கு இல்லை. ஆகவே இந்தப் பொன்னாடைக்கு நான் பாத்திரன் அல்ல."

ரெஜினால்டு மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். "பாருங்க! எழுபத்து மூணு வயசுல, இவ்வளவு பெரிய வேலையைச் செஞ்சிட்டு, தவறு என்னுதுங்கிறார். இதுதான் தலைமைத்துவம். இதைத்தான் நாம பயிற்சியில சொல்லித் தர்றோம்!"

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வெகு நேரம் தட்டினார்கள். முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாக்கியமுத்து என்ற பெயரை நான் சொல்லவில்லை. பெயர் வராது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால்தான் சொல்லவில்லை.

மதியம் சாப்பாடு. கறி கொஞ்சம் காரம்.

டிசம்பர் 12, செவ்வாய்

நல்லகண்டன்குளம். 10.20க்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் மினி லாரி. கட்டில், பீரோ, இரண்டு டிரம் ஏற்றியாயிற்று. ஜாய்ஸ் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து மடியில் புத்தகத்தை விரித்திருந்தாள். பரீட்சைக்கு மட்டும் அங்கிருந்து வந்து எழுதலாமாம்; எண்பது கிலோமீட்டர், பஸ் மூன்று மாறணும். என்னைப் பார்த்ததும் எழுந்து, "தோத்திரம் சார்" என்றாள்.

பாக்கியமுத்துவிடம், பட்டியலை எழுதியது நான்தான் என்று சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று முழுவதும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கயிற்றை இறுக்கினார்.

"அந்தக் குறியப் போடலாம்னு மொதல்ல சொன்னவன் நாந்தான சார்வாள்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. என்னை மன்னிக்கிறாரா, அல்லது தன்னையே ஏசிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

தாசம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வாக்குத்தத்த அட்டையோடு வந்தார். கண்ணாடியைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "இது இனி எங்களுக்கு எதுக்கு சார்? நீங்க வச்சுக்கிடுங்க. உங்களுக்குத்தான் பிரயோசனமாச்சு."

"ஏட்டி, சும்மா இரு" என்றார் பாக்கியமுத்து.

"சும்மாத்தான் இருக்கேன்."

வாங்கிக்கொண்டேன்.

கிருபை வந்திருந்தாள். இன்னும் ஏழெட்டுப் பெண்கள். பாக்கியமுத்து ஆலயத்தைப் பூட்டினார். சாவியோடு மணித்தூணுக்குப் போனார். பழைய ஆணி வளைந்திருந்தது. ஒரு கல்லை எடுத்துத் தட்டி நிமிர்த்தி, சாவியை மாட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருபை, "போய்ட்டு வாங்கண்ணே" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு லாரியில் ஏறினார். மணி 11.05.

லாரி தெருவைத் திரும்புவதற்கும் புதிய ஊழியர் மோட்டார் சைக்கிளில் வருவதற்கும் சரியாக இருந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டாவது அணியில் இப்போது பயிற்சி பெறுகிறவர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். என் புத்தகத்தைப் படித்திருக்கிறார். சாவியைப் பற்றிய பதினாறாம் பக்கத்தை அப்படியே ஒப்பித்தார். பேசிக்கொண்டே மணித்தூண் பக்கம் போனார், ஆணியிலிருந்து சாவியை எடுத்தார், "யாரு இத இப்படி வெளிய போட்டது?" என்று சிரித்துக்கொண்டே பையில் போட்டார்.

11.12.

அது அங்கேயே இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஏழு நிமிடம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 13, புதன்

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 'நம்பிக்கை மீறல்' என்றே இருக்கிறது. யாருடைய மீறல் என்ற இடத்தில் இரண்டு பெயர், இரண்டாவது என்னுடையது. ஒரு பின்னிணைப்பும் சேர்த்தேன், ஒற்றை வரி: 'சாவி ஆணியில் இருந்த நேரம், ஏழு நிமிடம்.'

டிசம்பர் 28, வியாழன்

பதில் இல்லை. ஒப்புகை அட்டை மட்டும் வந்தது. கையெழுத்து ரெஜினால்டுடையது மாதிரி இருக்கிறது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஜனவரி 1, திங்கள்

காலை ஆராதனை. சிறப்பு விருந்தினர் ரெஜினால்டு ஐயர். அவரே வாக்குத்தத்தத் தட்டைப் பிடித்திருந்தார். எங்கள் ஆலயத்தில், எடுத்தவர் மைக்கில் வாசித்துவிட்டுத்தான் நகர வேண்டும். பக்கத்தில் எழுத்தர் பேரேட்டில் பதிந்துகொள்வார்.

என் முறை வந்தது. எடுத்தேன். அங்கேயே படித்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"வாசிங்க சார், எல்லாரும் கேக்கட்டும்" என்றார் ரெஜினால்டு, அதே புன்னகையோடு. மைக் என் வாய்க்கு அருகே வந்தது.

"வேண்டாம்" என்றேன்.

மைக்கில் என் குரல் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. எழுத்தர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற செல்லக்கனி ஓர் அட்டையை எடுத்தாள், படித்தாள், மைக்கைப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு என்னோடு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து என் அட்டையை அவளிடம் காட்டினேன். அவள் தன்னுடையதைக் காட்டினாள். இரண்டையும் இங்கே எழுதவில்லை.